மழை வந்தால் எதிர்க்கடை

நெகிஷி ஹிசாயோ காமேபாஷித் தெருவுக்கு வாழ வந்த மூன்றாவது வாரமே ஒரு பட்டப்பெயர் வாங்கிக்கொண்டாள். கூரைக்காரி. இருபத்து மூன்று வருடம் அந்தப் பெயர் அவளை விடவில்லை. வைத்தவர் எதிர்க்கடை ததேவாகி. மெத்தை, தலையணை, பஞ்சு வைத்துத் தைத்த குளிர் அங்கி விற்கிறவர். அவர் ஒருவருக்குப் பெயர் வைத்தால் அது சுடுகாடு வரைக்கும் கூடவே போகும், அப்படி ஒரு வாய் அவருக்கு.

ஹிசாயோ பிறந்தது ஒரு ரயில் நிறுத்தம் தள்ளி, நிஷிமாச்சியில். அதுவும் கடைத்தெருதான். ஆனால் யுத்தத்துக்கு முன்னாலேயே இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தலைக்கு மேலே கூரை போட்டுக்கொண்டார்கள். வெளியே மழையா வெயிலா என்று தெரியாமல், செருப்பு நனையாமல் நடக்கலாம். அதைச் சொல்லிச் சொல்லியே நிஷிமாச்சிக்காரர்களுக்குத் தலைக்கனம். எங்கள் தெருவில் கூரை கிடையாது. இரண்டு வரிசையாக அறுபத்திரண்டு கடை, நடுவில் வானம். யாரும் எங்களுக்காகப் பரிதாபப்பட வேண்டாம், நாங்களாக வேண்டாம் என்று சொன்னதுதான் அது.

அவள் வாழ்க்கைப்பட்ட நெகிஷி வீட்டில் உலர்சரக்கு வியாபாரம். காய்ந்த கடற்பாசி, காளான், கருவாடு, பயறு. 1955 ஜூன் மாதம், கல்யாணமாகி இருபது நாள்கூட ஆகவில்லை, மத்தியானம் திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. ஹிசாயோவுக்கு வயது இருபத்திரண்டு. கை கால் துடிப்பான பெண். பாய்ந்துபோய்த் தன் கடை வாசலில் இருந்த காளான் கூடை, கடற்பாசிக் கட்டு எல்லாவற்றையும் ஒன்று விடாமல் உள்ளே இழுத்துப் போட்டாள். மாமியார் மெச்சுவாள் என்று நினைத்து நிமிர்ந்து பார்த்தால், தெருவே அவளை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. எதிர்க்கடை ததேவாகி நட்டநடுத் தெருவில் தொப்பலாக நனைந்தபடி வெறுங்கையோடு நின்றார். அவள் கடைச் சரக்கைத் தூக்கத்தான் ஓடி வந்திருக்கிறார். அவருடைய நாலு மெத்தையும் அவர் வாசலில் ஊறிக்கொண்டிருந்தன.

“ஏம்மா, உன் சரக்கைத் தூக்க நான் வரேன்ல? என் சரக்கை யாரு தூக்குவா, உங்க அப்பனா?” என்று கத்தினார் ததேவாகி.

“உங்க சரக்கை நீங்கதானே தூக்கணும்?” என்றாள் ஹிசாயோ. உண்மையாகவே அவளுக்குப் புரியவில்லை.

“கேட்டீங்களாய்யா? கூரைக்குக் கீழ வளர்ந்த புள்ள. இதுக்கு மழைன்னா என்னன்னே தெரியல!”

அன்றைக்குச் சாயங்காலம் மாமியார் அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்து விஷயத்தைச் சொன்னாள். யுத்தம் முடிந்த மறுவருடம் இந்த இடம் குண்டுவீச்சில் எரிந்த வெறும் கரிக்காடு. பதினோரு பேர் பாய் விரித்துக் கையில் கிடைத்ததை விற்றார்கள், அதுதான் தெருவின் பிறப்பு. புருஷனைப் பறிகொடுத்து, பள்ளிக்கூடம் போகிற மூத்த மகனோடும் கைப்பிள்ளையோடும் வந்த மாமியாரின் பாயில் இருந்தது உப்பு, இரண்டே மூட்டை. எதிர்ப் பாயில் ததேவாகி, பழைய பஞ்சு விற்றுக்கொண்டிருந்தார். ஒரு நாள் பேய்மழை. பதினோரு பேரும் அவரவர் சரக்கை அள்ளிக்கொண்டு ஓடினார்கள். மாமியார் இடுப்புப் பிள்ளையை இறக்கிவிட்டு மூட்டைக்குக் கை நீட்டுவதற்குள் உப்பு கரைந்து சாக்கடையோடு போயிற்று.

“ததேவாகி பஞ்சைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு அதைப் பார்த்துட்டே நின்னாரு,” என்றாள் மாமியார். “மறுநாள் எல்லாரையும் கூப்பிட்டு வெச்சு அவரே சொன்னாரு. இனிமே மழை வந்தா அவனவன் எதிர்க்கடைச் சரக்கைத்தான் முதல்ல தூக்கணும்னு. அன்னையிலேர்ந்து அதுதான் இங்க வழக்கம். உனக்கு முன்னாடியே சொல்லியிருக்கணும், தப்பு என்னோடது.”

ஹிசாயோவுக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. மறுநாள் காலை கடை திறந்ததும் நேரே ததேவாகி முன்னால் போய்க் குனிந்து மன்னிப்புக் கேட்டாள். அவர் “ம்” என்றார், அவ்வளவுதான். ஆனால் அதற்குப் பிறகு மழை விஷயத்தில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. காற்று கொஞ்சம் திரும்பினால் போதும், மற்றவர்கள் அண்ணாந்து பார்ப்பதற்குள் ததேவாகியின் மெத்தை இரண்டு அவள் தோளில் இருக்கும். வயிற்றில் எட்டு மாதப் பிள்ளையோடு தலையணைகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடினவள் அவள். “கூரைக்காரி, மெதுவா போடி, மெத்தை எங்கயும் ஓடிடாது!” என்று அவரே கத்தியிருக்கிறார். கத்துவார், ஆனால் பெயரை மட்டும் மாற்ற மாட்டார்.

1961-இல் எங்கள் தெருவுக்கும் கூரை போடலாம் என்று ஒரு கம்பெனி வரைபடத்தோடு வந்தது. தெருச் சங்கத்தில் பாதிப் பேர் வாயைப் பிளந்துகொண்டு வரைபடத்தைப் பார்த்தார்கள். அப்போது யாரோ, கூரைத் தெருவில் பிறந்தவள்தானே, ஹிசாயோவைக் கேட்போம் என்றார்கள். கூட்டத்துக்குத் தேநீர் ஊற்ற வந்தவள் அவள். கெண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்:

“சௌகரியமாத்தான் இருக்கும். பொய் சொல்ல மாட்டேன். ஆனா எங்க அப்பா நிஷிமாச்சியில முப்பது வருசமா கடை வெச்சிருக்காரு. எதிர்க்கடைக்காரர் பேரு அவருக்குத் தெரியாது.”

பிறகு கை தூக்கச் சொன்னார்கள், கூரை தோற்றது. அன்றைக்கு நாங்கள் ஒருவர் முதுகில் ஒருவர் தட்டிக்கொண்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்குப் போனோம். ததேவாகி மட்டும், “கூரைக்காரிக்கு வாய் இருக்கு,” என்றார். பாராட்டுதான், ஆனாலும் பெயர் பெயர்தான்.

நான் சொல்ல வந்தது 1978 டிசம்பரைப் பற்றி. எங்கள் தெருவில் வருடக் கடைசியில் ஐந்து நாள் குலுக்கல் நடக்கும். சாமான் வாங்கினால் சீட்டு. சீட்டைக் கொடுத்துவிட்டு எண்கோண மரப்பெட்டியின் கைப்பிடியைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினால், துவாரம் வழியாகக் கோலிக்குண்டு மாதிரி ஒன்று விழும். வெள்ளை விழுந்தால் காகிதக் கைக்குட்டை ஒரு பொட்டலம். நீலத்துக்கு ஒரு போத்தல் சோயா சாறு, சிவப்புக்கு ஒரு மூட்டை அரிசி. பொன் குண்டு ஒன்றே ஒன்று. அது விழுந்தால் இரண்டு பேர் மலைமேல் வெந்நீர் ஊற்று விடுதிக்குப் போய் இரண்டு ராத்திரி தங்கலாம், செலவு தெருவுடையது. மணி அடித்துக் கொண்டாடுவார்கள். அந்தப் பொன் குண்டை, குலுக்கல் தொடங்குவதற்கு முந்தின நாள், முக்கிலிருக்கும், வியாபாரம் காக்கிற நரிச்சாமி கோவில் தட்டில் வைத்துவிட்டு வருவது வழக்கம். விடிந்ததும் பொறுப்பாளர் போய் எடுத்துவந்து பெட்டியில் போட வேண்டும்.

அந்த வருடம் பொறுப்பாளர் ஹிசாயோ. முப்பத்திரண்டு வருடத்தில் பெண் ஒருத்திக்கு அந்தப் பொறுப்பு வந்தது அதுதான் முதல் தடவை. சங்கத் தலைவர் மீன்கடைக் கோமோரி அவள் பெயரைச் சொன்னபோது ததேவாகி ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை, மேலே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த ஐந்து நாளையும் ஒழுங்காக முடித்துவிட்டால் அந்தப் பட்டப்பெயர் ஒழியும் என்று ஹிசாயோ மனசுக்குள் நினைத்துக்கொண்டாள். வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று புருஷன் யோஷிஸோவிடம் மட்டும் சொன்னாள்.

“ஒழியலன்னா?” என்றார் யோஷிஸோ.

“ஒழியலன்னா இன்னும் இருபத்து மூணு வருசம் மெத்தை தூக்கறேன், போங்க.”

முதல் நாள், இருபத்தைந்தாம் தேதி, அவள் கோவிலிலிருந்து பொன் குண்டை எடுத்துக்கொண்டு தெருவுக்குள் நுழைகிறாள், சடசடவென்று மழை. மெத்தைக் கடை வாசலில் வருடக் கடைசி வியாபாரத்துக்காகப் பத்துக் குளிர் அங்கி தொங்கிக்கொண்டிருந்தது. ஹிசாயோவின் கால் அவளைக் கேட்கவே இல்லை. பத்து அங்கியும் உள்ளே போனபோது அவள் ஏப்ரனைப் பிழிந்தால் ஒரு வாளி தண்ணீர் வரும் போலிருந்தது. அதைக் கழற்றிக் கொல்லைப்பக்கம் உலரப் போட்டுவிட்டு, சங்கத்தின் நீல மேலங்கியை மாட்டிக்கொண்டு, குண்டுகளைப் பெட்டியில் கொட்டி மூடினாள்.

“பொன்னு போட்டாச்சா?” என்று கேட்டார் கோமோரி.

“ஆச்சு,” என்றாள் ஹிசாயோ. போட்டுவிட்டதாகத்தான் அவள் நினைத்தாள், சத்தியமாக.

நாலு நாள் போயிற்று. சிவப்பெல்லாம் விழுந்துவிட்டது, நீலமும் முக்கால்வாசி விழுந்தது. பொன் விழவில்லை. ஐந்தாம் நாள் சாயங்காலம் நாலு மணிக்குப் பெட்டியில் எழுபது குண்டுக்கு மேல் இருக்காது. இந்தச் சேதி தெரு முழுக்கப் பரவி, வரிசை மீன்கடையைத் தாண்டி வளைந்தது. பொன் உள்ளேதான் இருக்கிறது, இப்போது சுற்றுகிறவனுக்குத்தான் யோகம் என்று ஆளுக்கு ஆள் சீட்டுக்காக முள்ளங்கி வாங்கினார்கள். அந்தக் கூட்டத்தில் ஒருவர் கை இடித்து, இலவசமாக ஊற்றிக்கொண்டிருந்த சிவப்புப் பயற்றுக் கஞ்சி ஹிசாயோவின் மேலங்கியில் கொட்டியது. மாற்றுத்துணிக்காக அவள் வீட்டுக்குள் ஓடினாள். கொல்லையில் முதல் நாளிலிருந்து தொங்கிக்கொண்டிருந்த ஏப்ரனை மாட்டிக்கொண்டு பையில் கையை விட்டாள்.

உருண்டையாக ஏதோ கையில் தட்டியது.

எடுத்துப் பார்க்கவே தேவையில்லை, அது பொன் குண்டு. ஐந்து நாளாகச் சனங்கள் இல்லாத பொன்னுக்காகச் சுற்றியிருக்கிறார்கள். கைப்பிடியைத் தொடுமுன் கண்ணை மூடிக் கும்பிட்ட கிழவர்கள் இருந்தார்கள், அம்மா தூக்கிப் பிடிக்கச் சுற்றிய பிள்ளைகள் இருந்தார்கள். ஆயிரம் பேரை ஏமாற்றியாகிவிட்டது.

கோமோரியைத் தனியாக இழுத்துக் கையைத் திறந்து காட்டினாள். அவர் முகத்தில் ஈயாடவில்லை. அதற்குள் மெத்தைக் கடையிலிருந்து ததேவாகியும் வந்துவிட்டார்.

“யாரும் பாக்கல. இப்பவே உள்ள போட்டுடு,” என்றார் கோமோரி மெல்ல. “எழுபது பேருல ஒருத்தனுக்கு விழும். மணியை அடிப்போம். முடிஞ்சு போச்சு.”

“முன்னாடி சுத்தினவங்க?”

“அவங்களுக்குத் தெரியவா போகுது?”

“எனக்குத் தெரியுமே,” என்றாள் ஹிசாயோ.

ததேவாகி அவளையே முறைத்துப் பார்த்தார். “என்ன செய்யப் போற?”

“மைக்குல சொல்லப் போறேன்.”

“அடிப்பாவி! முப்பத்திரண்டு வருசமா கட்டின தெருவோட மானத்தை மைக் வெச்சு ஏலம் போடப் போறியா? நிஷிமாச்சிக்காரன் கைகொட்டிச் சிரிப்பான்.”

“சிரிக்கட்டும். அங்க இப்படி நடந்தா சத்தமில்லாம உள்ள போட்டுடுவாங்க. அந்த ஊர்க்காரின்னு நீங்கதானே இத்தனை வருசமா சொல்றீங்க? நான் அந்த ஊர்க்காரி இல்லைய்யா!”

டோஃபுக் கடை மாடியில்தான் தெரு ஒலிபெருக்கியின் மைக். அவள் படியேறிப் போனாள். யாரும் தடுக்கவில்லை. பாட்டு பாதியில் நின்றது. அறுபத்திரண்டு கடைக்கும் கேட்கும்படி அவள் சொன்னாள்:

“நான் உலர்சரக்குக் கடை நெகிஷி ஹிசாயோ பேசறேன். குலுக்கல் பெட்டிக்குள்ள பொன் குண்டு இல்ல. முதல் நாள்லேர்ந்தே இல்ல. மழையில மெத்தை தூக்க ஓடினதுல என் ஏப்ரன் பையிலயே இருந்துபோச்சு. தப்பு என்னோடது, தெருவோடது இல்ல. நாளைக்குக் காலையில ஒன்பது மணிக்கு விழுந்த வெள்ளை எல்லாத்தையும் திரும்பப் போட்டு, பொன்னை உங்க கண்ணு முன்னால போடறேன். இந்த நாலஞ்சு நாளா எத்தனை வெள்ளை விழுந்துச்சோ அத்தனை தடவை வந்து சுத்துங்க. கையில சீட்டு வெச்சிருக்கறவங்களும் நாளைக்கே சுத்தலாம். வாங்கின பரிசு உங்களோடதுதான். எத்தனை தடவைன்னு நீங்க சொன்னாப் போதும், நான் எழுதி வைக்கல.”

கீழே வரிசையில் ஒரே சத்தம். சுவர் பூசுகிற இனுகாய் என்கிற ஆள், “பதினோரு பொட்டலம் கைக்குட்டை வாங்கிட்டுப் போனேன்! எனக்கு என்ன, வருசம் பூரா மூக்கா ஒழுகுது?” என்று கத்தினான். சிலர் சிரித்தார்கள், சிலர் திட்டிக்கொண்டே கலைந்தார்கள். கோமோரி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

“போச்சு! நாளைக்கு ஆளாளுக்கு நூறு தடவைன்னு புளுகுவான்,” என்றார்.

“நம்ம சனங்க அப்படிச் சொல்ல மாட்டாங்க,” என்றாள் ஹிசாயோ. ததேவாகி தன் கடைக்குள் போனார். அன்றைக்கு அவர் அவளைக் கூரைக்காரி என்றுகூடக் கூப்பிடவில்லை. அதுதான் அவளுக்கு ரொம்ப வலித்தது.

முப்பதாம் தேதி காலை எட்டரைக்கு அவள் கதவைத் திறந்தால், வரிசை கோவிலைத் தாண்டி நின்றது. நிஷிமாச்சியிலிருந்து வேடிக்கை பார்க்கக்கூட ஆள் வந்திருந்தார்கள். ஹிசாயோ ஒரு நாற்காலிமேல் ஏறிப் பொன் குண்டை இரண்டு விரலில் தூக்கிப் பிடித்து எல்லாத் திசைக்கும் காட்டினாள். பெட்டியில் போட்டாள். டக்கென்று மரத்தில் விழுந்த சத்தம் முன்வரிசைக்குக் கேட்டது.

முதலில் நின்றது இனுகாய். “எத்தனை?” என்றாள்.

“ஒன்பது.”

“நேத்து பதினொன்னுன்னு கத்தினீங்களே?”

“கோவத்துல ரெண்டு சேத்துச் சொல்லிட்டேன்க்கா. நேத்து கத்தினது நேத்தோட போச்சு, இன்னைக்கு ஒன்பதுதான்,” என்று தலையைச் சொறிந்தான். பின்னாலிருந்த தபால்காரர் மனைவி ஐந்து என்றாள். ஏழு என்று ஹிசாயோவுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது, ஆனாலும் அந்த அம்மாள் ஐந்துக்கு மேல் சுற்ற மாட்டேன் என்று அடம் பிடித்தாள். ஒருவர்கூட நூறு சொல்லவில்லை. கோமோரி பக்கத்தில் நின்று மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார். கேட்டால் குளிர் என்பார். எங்கள் சனங்கள், வேறென்ன சொல்ல!

பத்தரை மணிக்கு வானம் கறுத்தது. ஹிசாயோவுக்குத்தான் முதலில் தெரிந்தது, காற்று திரும்பிய விதத்திலேயே. மெத்தைக் கடை வாசலில் பத்து அங்கி, ஆறு மெத்தை. அவள் கால் தானாக நகர்ந்தது, நகர்ந்த கால் நின்றது. கை பெட்டியின்மேல் இருந்தது. இதை விட்டுப் போனதால்தானே இத்தனையும்! இன்னொரு தடவை விட்டுப் போக முடியாது. போகாவிட்டால் ததேவாகியின் பஞ்சு போயிற்று. யோஷிஸோவோ சைக்கிளில் சரக்குக் கொடுக்கப் போயிருந்தார். அவள் கடை வாசலிலும் புத்தாண்டுச் சமையலுக்கான கடற்பாசி கட்டுக்கட்டாக அடுக்கியிருந்தது. முதல் துளி விழுந்தது. அவள் இரண்டு கையாலும் பெட்டியை அணைத்துக்கொண்டு, “ததேவாகி அய்யா, மழை! என்னால வர முடியல!” என்று வீறிட்டாள்.

கொட்ட ஆரம்பித்தது. அப்போதுதான் அது நடந்தது. வரிசை கலைந்தது. கடைக்காரர்கள் அல்ல, வாங்க வந்த சனங்கள். இனுகாய் இரண்டு மெத்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினான். தபால்காரர் மனைவி அங்கிகளை அள்ளினாள். யாருக்கும் யாரும் சொல்லவில்லை. முப்பது வருடமாக இந்த வானத்துக்குக் கீழே சாமான் வாங்கினவர்களுக்கு யார் சொல்லித் தர வேண்டும்? நிஷிமாச்சிக்காரர்கள் மட்டும் ஓட்டுச் சார்ப்பில் ஒதுங்கி நின்று விழித்தார்கள்.

ததேவாகி தன் வாசலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அறுபத்தெட்டு வயசு மனிதர், செருப்பு ஒரு பக்கம் கழன்று போக, தெருவைக் குறுக்கே கடந்து நெகிஷி கடைக்கு வந்தார். கடற்பாசிக் கட்டுகளைப் பச்சைக் குழந்தையைத் தூக்குவதுபோல் நெஞ்சோடு அணைத்து, நாலு நடை நடந்து உள்ளே சேர்த்தார். ஒரு இலை நனையவில்லை. பிறகு வாசலில் நின்று, வழுக்கைத் தலையிலிருந்து தண்ணீர் வழிய, தெருவே கேட்கும்படி கத்தினார்:

“காமேபாஷிக்காரி! பெட்டியிலேர்ந்து கையை எடுத்தியோ தெரியும் சேதி! சரக்கை நாங்க பாத்துக்கறோம்!”

ஹிசாயோ முகத்தைத் துடைக்காமல் பெட்டியை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டாள். மழையா கண்ணீரா என்று யாரும் கேட்கவில்லை. சனங்கள் சொட்டச் சொட்ட வந்து, அவரவர் நின்ற இடத்தில் அதே வரிசையாக மறுபடி நின்றார்கள்.

பொன் குண்டு பதினொன்றேகாலுக்கு விழுந்தது. பொதுக் குளியல் நிலையத்தில் கொதிகலன் பார்க்கிற ஆளுக்கு. “வெந்நீர்க்காரனுக்கு வெந்நீர் ஊற்றுப் பரிசாடா!” என்று தெருவே உருண்டு சிரித்தது. ஹிசாயோ மணியைக் கை வலிக்கும்வரை அடித்தாள். அடுத்த வருடத்திலிருந்து எங்கள் தெருவில் பொன் குண்டை எல்லார் கண் முன்னாலும் தூக்கிக் காட்டிவிட்டுத்தான் பெட்டியில் போடுகிறோம், நாற்காலிமேல் ஏறி. தெரு கேட்டுக்கொண்டதால் பதினாறு வருடம் அதைச் செய்தவள் ஹிசாயோதான். ஒவ்வொரு வருடமும் அவள் ஏறும்போது நாற்காலியைப் பிடித்துக்கொண்டவர், இருந்தவரைக்கும், ததேவாகி.